வைஃபை விட்டு விட்டுப் போகுதா? லேப்டாப்பை மாத்துறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

1/
"லேப்டாப்ல வைஃபை அடிக்கடி கட் ஆகுது"ன்னு யார்கிட்ட சொன்னாலும் மூணு பதில்ல ஒன்னு வரும். "ஃபார்மேட் போடு." "ரூட்டரை மாத்து." "பழைய லேப்டாப்பு, புதுசு வாங்கிடு." மூணுமே வைத்தியம். நோய் என்னன்னு ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டாங்க. காரணம் தெரியாம இந்தப் பிரச்சினைக்கு ஒரு ரூபாய் கூட செலவு பண்ணாதீங்க என்பதுதான் என் கருத்து. காரணத்தைக் கண்டுபிடிக்க வீட்டிலேயே முடியும். பெரும்பாலும் ஒரு மணி நேரம் போதும். எப்படின்னு இந்த இழையில் சொல்றேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

2/
டாக்டருக்கு இதுல என்ன வேலைன்னு கேக்கலாம். நான் படிச்சது எம்பிபிஎஸ், கம்ப்யூட்டர் இல்லை. ஆனா விட்டு விட்டு வர்ற கோளாறு எதுவா இருந்தாலும் அதைப் பிடிக்கிற முறை ஒன்னுதான். படபடப்புன்னு வருவாங்க, ஈசிஜி எடுக்கும்போது நார்மலா இருக்கும். லேப்டாப்பும் அப்படித்தான். கடையில கொண்டு போய் வச்சா அரை மணி நேரம் சமத்தா வேலை செய்யும். அந்த மாதிரி நேரத்துல கருவி உதவாது. எப்போ வருது, எங்க வருது, எதோட சேர்ந்து வருதுன்னு கேட்டுத்தான் பிடிக்கணும்.

3/
இது சின்ன விஷயம் இல்லையான்னு கேட்டா, இல்லை. தமிழ்நாட்டில் இன்ஜினியரிங் கலந்தாய்வு 2018லிருந்து ஆன்லைன். கல்லூரி விருப்பப் பட்டியலை வீட்டில் உட்கார்ந்து பதிவு பண்ணணும், கெடு நேரம் முடிஞ்சா முடிஞ்சதுதான். நீட் விண்ணப்பம், ஸ்காலர்ஷிப், டிஎன்பிஎஸ்சி எல்லாம் அதே கதை. இ-சஞ்சீவனியில் டாக்டர் இன்சுலின் அளவு சொல்லிட்டு இருக்கும்போது கால் கட் ஆனா, பாதி கேட்டதை வச்சு ஊசி போட்டுக்கிறவங்க இருப்பாங்க. கனெக்‌ஷன் இருக்கு, ஆனா நம்ப முடியாதுங்கிற நிலைமை, கனெக்‌ஷனே இல்லாததை விட சில சமயம் ஆபத்து. இல்லாதவங்க முன்னாடியே இ-சேவை மையத்துக்குப் போயிருப்பாங்க.

4/
இன்னொரு காரணமும் இருக்கு. எங்க திருவள்ளூர் மாவட்டத்துல, காக்களூர்ல, 2011 செப்டம்பர் 15 அன்னிக்கு அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வச்சதுதான் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கான விலையில்லா லேப்டாப் திட்டம். எல்காட் மூலமா வாங்கி, வருஷங்கள்ல 50 லட்சத்துக்கும் மேல கொடுத்தாங்க. பல குடும்பங்களுக்கு வீட்டுக்குள்ள வந்த முதல் கம்ப்யூட்டர் அதுதான். அதுல எத்தனையோ இன்னிக்கும் ஓடிட்டு இருக்கு. அண்ணன் வாங்கினது தங்கச்சிக்கு, அக்கா வாங்கினது தம்பிக்குன்னு கை மாறி. எத்தனையோ "வைஃபை நிக்க மாட்டேங்குது"ன்னு பரணையில தூங்குது. பரணையில இருக்கறதுல நிறைய, செட்டிங்ஸ் மாத்தினா எழுந்து உட்காரும்.

5/
ஒரு உதாரணம். திருமழிசையில் தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க, சிட்கோ தொழிற்பேட்டையில் பேக்கிங் வேலை. மூத்த பையனுக்குப் பள்ளியில கொடுத்த லேப்டாப்பை இப்போ பொண்ணு வச்சிருக்கு. 12ஆம் வகுப்பு முடிச்சு கலந்தாய்வுக்குக் காத்திருந்தது. சாயங்காலம் ஆனா வைஃபை பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போகும். ஒரு கடையில "வைஃபை கார்டு போச்சு, போர்டும் பார்க்கணும், 4,500 ஆகும்"னாங்க. இன்னொரு கடையில "இந்த மாடலே இப்படித்தான், இஎம்ஐ போட்டு புதுசு எடுங்க". இணைப்பு கொடுத்தவங்க "டூயல் பேண்ட் ரூட்டர் வாங்குங்க". மூணு பேர், மூணு மருந்துச் சீட்டு. ஒருத்தர் கூட பொண்ணுகிட்ட ஒரு கேள்வி கேக்கலை. இந்தக் கதையோட முடிவைக் கீழே சொல்றேன்.

6/
முதல் கேள்வி: போனது வைஃபையா, இணையமா? நம்ம பேச்சுல ரெண்டும் ஒன்னு. நிஜத்துல ரெண்டும் வேற. லேப்டாப்புக்கும் ரூட்டருக்கும் நடுவுல காத்துல இருக்கறது வைஃபை. ரூட்டர்லேருந்து தெருவுக்குப் போற ஒயர் இணையம். இடது கை வலிக்குதுன்னு வருவாங்க, பிரச்சினை இதயத்துல இருக்கும். கையில எவ்வளவு தைலம் தேச்சாலும் பிரயோஜனம் இல்லை. அதே மாதிரி, தெருவுல ஃபைபர் மடங்கிக் கிடக்கும்போது லேப்டாப்பை ஃபார்மேட் பண்றவங்க நிறைய.

7/
பிரிச்சுப் பாக்கறது சுலபம். கட் ஆகும்போது முதல்ல ரூட்டர் விளக்கைப் பாருங்க. ஃபைபர் இணைப்புல "எல்ஓஎஸ்"னு ஒரு விளக்கு இருக்கும். அது சிவப்பா எரிஞ்சா வெளியிலிருந்து வெளிச்சமே வரலைன்னு அர்த்தம். லேப்டாப்பைத் தொடாதீங்க, இணைப்பு கொடுத்தவங்களைக் கூப்பிடுங்க. எல்லா விளக்கும் ஒரே நேரத்துல அணைஞ்சு மறுபடி ஒவ்வொன்னா வந்தா ரூட்டரே ஆஃப் ஆகி ஆன் ஆகியிருக்கு. கரண்ட் ஒரு நொடி இமைச்சாலும், இன்வெர்ட்டர் மாறும்போதும் இது நடக்கும். ஃபேன் சுத்திக்கிட்டே இருக்கறதால கரண்ட் போனது நமக்குத் தெரியாது, ரூட்டர் திரும்பி எழ ஒன்னு ரெண்டு நிமிஷம் ஆகும். இதுக்கு மருந்து ரூட்டருக்குன்னே விக்கிற மினி யுபிஎஸ். புது லேப்டாப் இல்லை.

8/
விளக்கு எல்லாம் சரியா இருந்தா அடுத்த சோதனை "பிங்". விண்டோஸ் தேடல் பெட்டியில கமாண்ட் ப்ராம்ப்ட்னு தேடினா கறுப்புத் திரை வரும். ரெண்டு திரை திறங்க. ஒன்னுல ரூட்டரோட முகவரிக்குப் பிங் போடுங்க. பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, ரூட்டர் அடியில ஸ்டிக்கர்ல இருக்கும். இன்னொன்னுல 8.8.8.8, அது கூகுளோட பொது முகவரி. ரெண்டுக்கும் கடைசியில இடம் விட்டு ஒரு சின்னக் கோடும் ஆங்கில "டி" எழுத்தும் சேர்த்தா, நிறுத்தற வரை ஓடிட்டே இருக்கும். நாடி பிடிச்சுட்டே உட்கார்ந்திருக்கற மாதிரி. கட் ஆகும்போது எந்தத் திரை நின்னுச்சுன்னு பாருங்க.

9/
ரெண்டும் நின்னா கோளாறு வீட்டுக்குள்ள: லேப்டாப், ரூட்டர், நடுவுல இருக்கற காத்து. ரூட்டர் திரை ஓடுது, 8.8.8.8 மட்டும் நின்னுச்சுன்னா கோளாறு வெளியில: இணைப்பு கொடுத்தவங்க பாடு. ரெண்டும் ஓடுது, ஆனா எந்த வெப்சைட்டும் திறக்கலைன்னா டிஎன்எஸ், அதாவது பெயரை எண்ணா மாத்திக் கொடுக்கற டைரக்டரி வேலை செய்யலை. மூணும் மூணு வியாதி. மூணுக்கும் வெளியில தெரியற அறிகுறி ஒன்னுதான்: வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும்.

10/
இங்க ஒரு பெரிய ஏமாற்று இருக்கு. "போன்ல நல்லாத்தானே வருது, அப்போ லேப்டாப்தான் கெட்டுப் போச்சு." இதை நம்பாதீங்க. வைஃபையில இணையம் வரலைன்னா பல போன்கள் சத்தமில்லாம மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கும். லேப்டாப்புக்கு சிம் கிடையாது, அது மட்டும் மாட்டிக்கும். சோதனை பண்றப்போ போன்ல மொபைல் டேட்டாவை அணைச்சுட்டுப் பாருங்க. போனும் அதே நேரத்துல விட்டுப் போச்சுன்னா உங்க லேப்டாப் நிரபராதி. இந்த ஒரு விஷயம் தெரியாம எத்தனை லேப்டாப் கடைக்குப் போயிருக்கும்னு நினைச்சா வருத்தமா இருக்கு.

11/
அடுத்து ஹாட்ஸ்பாட் சோதனை. போன்ல ஹாட்ஸ்பாட் போட்டு, லேப்டாப்பை அதுல இணைச்சு, வழக்கமா கட் ஆகற நேரத்துக்கு ஒரு மணி நேரம் வேலை பாருங்க. ஒரு தடவை கூட போகலைன்னா லேப்டாப்புக்குள்ள இருக்கற வைஃபை கார்டு உயிரோட, நல்லாவே இருக்குன்னு அர்த்தம். அப்போ "கார்டு மாத்தணும்"னு யாராவது சொன்னா இந்தச் சோதனையைச் சொல்லிக் காட்டுங்க. ஹாட்ஸ்பாட்லயும் அதே மாதிரி போச்சுன்னா சந்தேகம் லேப்டாப் பக்கம் திரும்பும். ரூட்டருக்குப் பக்கத்துல உட்கார்ந்து லேன் கேபிள் போட்டுப் பாக்க முடிஞ்சா இன்னும் நல்லது.

12/
இப்போ "கேஸ் ஹிஸ்டரி". நாலு கேள்வி. எப்போலேருந்து? எந்த நேரத்துல? எந்த இடத்துல? அப்போ லேப்டாப்ல வேற என்ன மாறியிருந்துச்சு? ஒரு நோட்டுல ரெண்டு மூணு நாள் எழுதி வைங்க. கட் ஆன மணி, உட்கார்ந்த இடம், சார்ஜர் சொருகியிருந்துச்சா, வேற என்ன ஓடிட்டு இருந்துச்சு. இவ்வளவுதான். காய்ச்சலுக்கு டெம்பரேச்சர் சார்ட் எழுதற மாதிரி. ரெண்டாவது நாளே உங்களுக்கே ஒரு ஒழுங்கு புலப்படும்.

13/
எப்போலேருந்து? "புது ரூட்டர் வந்ததுலேருந்து"ன்னா லேப்டாப் பழசாகலை, ரெண்டுக்கும் பேச்சு ஒத்துப் போகலை. புது ரூட்டர்கள் வைஃபை 6, டபிள்யூபிஏ 3ன்னு புது மொழி பேசும். பழைய வைஃபை கார்டுகள்ல சிலதுக்கு அது புரியாது. ரூட்டர் செட்டிங்ஸ்ல பாதுகாப்பை டபிள்யூபிஏ 2ன்னு வச்சுப் பாருங்க, லேப்டாப் கம்பெனி வெப்சைட்லேருந்து வைஃபை டிரைவரைப் புதுப்பிங்க. "விண்டோஸ் அப்டேட் ஆனதுலேருந்து"ன்னா டிவைஸ் மேனேஜர்ல "ரோல் பேக் டிரைவர்"னு ஒன்னு இருக்கும். முன்னாடி இருந்த டிரைவருக்குத் திரும்பிப் போகலாம். ரெண்டுக்கும் செலவு பூஜ்யம்.

14/
எந்த நேரத்துல? இதைச் சும்மா கேக்கலை. வேல்ஸ் நாட்டுல அபர்ஹோசன்னு ஒரு சின்ன கிராமம். தினமும் காலை 7 மணிக்கு ஊர் முழுக்க இணையம் படுத்துடும். 18 மாசம் இப்படியே. கேபிளை எல்லாம் மாத்திப் பார்த்தாங்க, பலன் இல்லை. 2020ல இன்ஜினியர்கள் அலைவரிசைக் கருவியோட காலையில ஊர்ல நடந்து போய்த்தான் கண்டுபிடிச்சாங்க. ஒரு வீட்டுல தினமும் 7 மணிக்கு ஆன் பண்ற பழைய டிவி! அதிலிருந்து கிளம்பின மின் இரைச்சல் ஊரோட இணைப்பையே கெடுத்திருக்கு. அங்க கெட்டது வைஃபை இல்லை, ஒயர் வழியா வர்ற இணைப்பு. ஆனா பாடம் ஒன்னுதான். "தினமும் 7 மணிக்கு" என்பதே பாதி டயக்னோசிஸ்.

15/
நம்ம ஊர்ல நேரம்னா பெரும்பாலும் சாயங்காலம் 7லிருந்து 11. அடுக்கு வீடுகள்ல எல்லாரும் வேலை முடிஞ்சு வந்து ஒரே நேரத்துல உட்கார்றாங்க. 2.4 கிகாஹெர்ட்ஸ்ங்கிற வைஃபை சாலையில 13 சேனல் இருக்குன்னு பேரு. ஆனா ஒவ்வொரு கோடும் 5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி, வண்டியோட அகலமோ சுமார் 20. நம்ம பெங்களூரு ஹைவேயில ஒரு லாரி நாலு லேனை அடைச்சுக்கிட்டுப் போற மாதிரி நினைச்சுக்கோங்க. உரசாம பக்கத்துல பக்கத்துல போகணும்னா மூணு லாரிதான் போகும். அதான் 1, 6, 11 ஆகிய சேனல்கள். கீழ் வீடு, மேல் வீடு, எதிர் வீடுன்னு இருபது ரூட்டர் அதே சாலையில. முதல்ல வேகம் குறையும், நெரிசல் தாங்காதப்போ இணைப்பே விட்டுப் போகும்.

16/
போன்ல "வைஃபை அனலைசர்" மாதிரி ஒரு இலவச ஆப் போட்டா எந்த சேனல்ல எத்தனை பேர்னு படமா தெரியும். ரூட்டரை 1, 6, 11ல எது காலியோ அதுல வைங்க. லேப்டாப்புக்கு 5 கிகாஹெர்ட்ஸ் எடுக்கும் வசதி இருந்தா அதுக்கு மாறுங்க, அங்க இடம் அதிகம். ஆனா சுவரைத் தாண்டற சக்தி அதுக்குக் கம்மி. ரெண்டுக்கும் ஒரே பேர் வச்சிருந்தா சில லேப்டாப்புகள் இதுக்கும் அதுக்கும் தாவிக்கிட்டே இருக்கும், அந்தத் தாவல்லயே கட் ஆகும். பேரைத் தனித்தனியா வச்சுடுங்க. பழைய லேப்டாப்கள் பலதுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். அவங்களை "டூயல் பேண்ட் ரூட்டர் வாங்கு"ன்னு சொன்னா, ஷுகர் இல்லாதவருக்கு இன்சுலின் எழுதற கதைதான்.

17/
இந்த 2.4க்கும் எங்க துறைக்கும் ஒரு பழைய உறவு உண்டு. அந்த அலைவரிசைக்குப் பேரே தொழில், அறிவியல், மருத்துவப் பட்டை. சர்வதேச அளவில் 1947லேயே இந்த வேலைகளுக்குன்னு ஒதுக்கினது. பிசியோதெரபியில மைக்ரோவேவ் டயாதெர்மின்னு மூட்டுக்கு வெப்பம் கொடுக்கற கருவி 2450 மெகாஹெர்ட்ஸ்ல ஓடும். சமையலறை மைக்ரோவேவ் அடுப்பும் அதே இடம். வைஃபையும் புளூடூத்தும் பின்னால வந்து அதே திண்ணையில இடம் பிடிச்சவங்க. அதனால மைக்ரோவேவ்ல பால் சுட வைக்கும்போது கிச்சன்ல வைஃபை போகுதுன்னா அது உங்க கற்பனை இல்லை.

18/
லேப்டாப்பிலேயே ஒரு குற்றவாளி ஒளிஞ்சிருப்பான். நீலக் கலர் யுஎஸ்பி 3 போர்ட். அதுல ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ் போட்டு ஃபைல் காப்பி பண்ணும்போது 2.4 பக்கத்துல இரைச்சல் கிளம்பும்னு இன்டெல் கம்பெனியே 2012ல அறிக்கை வெளியிட்டிருக்கு. ஒயர்லெஸ் மவுஸ் திக்கும், வைஃபை தடுமாறும். ஹார்ட் டிஸ்க் சொருகினா மட்டும் வைஃபை போகுதுன்னா, ஒரு நல்ல நீளமான யுஎஸ்பி ஒயர் போட்டு டிஸ்க்கைத் தள்ளி வைங்க. தீர்ந்தது.

19/
எந்த இடத்துல? நம்ம வீடுகள்ல ரூட்டர் இருக்கற இடத்தை முடிவு பண்றது யார் தெரியுமா? கேபிள் போட வந்த அண்ணன். அவர் எந்த ஓட்டை வழியா ஒயரை உள்ள விட்டாரோ அங்கயே ஆணி அடிச்சு மாட்டிட்டுப் போயிருப்பார். வாசல் மூலை, டிவிக்குப் பின்னாடி, இரும்பு பீரோ மேல. பீரோ, நிலைக்கண்ணாடி, தண்ணி டேங்க், மீன் தொட்டி எல்லாம் சிக்னலை மறிக்கும், குடிக்கும். வீட்டுக்கு நடுவுல, தலை உயரத்துக்கு மேல, திறந்த இடத்துல வைங்க. ஒயர் நீட்ட ஆகற செலவு, விளம்பரத்துல வர்ற "பூஸ்டர்" விலையில ரொம்பக் கொஞ்சம்.

20/
சிலர் ரேடியேஷன் பயத்துல ரூட்டரை அலமாரிக்குள்ள பூட்டி வைக்கிறாங்க. டாக்டரா சொல்றேன். வைஃபை அலைக்கு எக்ஸ்ரே மாதிரி அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிரிச்செடுக்கற சக்தி கிடையாது. வீட்டு ரூட்டர் அனுப்பற அலையோட சக்தி சுமார் 0.1 வாட், உங்க எல்இடி பல்பு எடுக்கறது 9 வாட். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2011ல ரேடியோ அலைகளை "2பி" பட்டியல்ல சேர்த்தது உண்மை. சான்று குறைவு, முழுசா ஒதுக்கவும் முடியலைங்கிற வகை அது. ஆசிய பாரம்பரியக் காய்கறி ஊறுகாயும் அதே பட்டியல்லதான் இருக்கு. ராத்திரி அணைக்கணும்னா தாராளமா அணைங்க. பகல்ல அலமாரியில அடைக்காதீங்க.

21/
கடைசிக் கேள்வி: அப்போ லேப்டாப்ல என்ன மாறியிருந்துச்சு? இங்கதான் அக்கா வீட்டுக் கதை முடிஞ்சது. பொண்ணு பகல்ல ஹால்ல சார்ஜர் போட்டு உட்காரும், பிரச்சினை இல்லை. சாயங்காலம் வீட்டுக்குள்ள புழுக்கம்னு மாடிப்படியில போய் உட்காரும், அங்க சார்ஜர் எட்டாது. அப்போதான் கட் ஆகும். மாறினது மூணு: நேரம், இடம், சார்ஜர். ஒவ்வொன்னா பிரிச்சோம். அதே சாயங்காலம், அதே படியில எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து சார்ஜர் போட்டு அரை மணி நேரம், ஒரு தடவை கூட போகலை. அப்புறம் ஹால்ல, ரூட்டர் எதிர்ல, சார்ஜரைப் பிடுங்கிட்டு உட்கார்ந்தா பத்து நிமிஷத்துல போச்சு. கார்டும் இல்லை, போர்டும் இல்லை, ரூட்டரும் இல்லை. பேட்டரி மிச்சம் பிடிக்கிற செட்டிங்.

22/
ஏன் அப்படி? ரூட்டர் விநாடிக்கு சுமார் 10 தடவை "நான் இருக்கேன்"னு குரல் கொடுக்கும். பேட்டரியில ஓடும்போது கார்டு நடுவுல நடுவுல தூங்கி எழுந்து அந்தக் குரலைக் கேக்கும். சில கார்டு, சில ரூட்டர் ஜோடிக்கு இந்தத் தூக்கம் ஒத்துக்காது, எழும்போது தொடர்பு விட்டுப் போயிருக்கும். மருந்து: டிவைஸ் மேனேஜர், நெட்வொர்க் அடாப்டர்ஸ், வைஃபை கார்டை ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், பவர் மேனேஜ்மென்ட். மின்சாரம் மிச்சம் பிடிக்க இந்தக் கருவியை அணைக்கலாம்னு ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துடுங்க. கன்ட்ரோல் பேனல்ல பவர் ஆப்ஷன்ஸ், அதுல வயர்லெஸ் அடாப்டர் செட்டிங்ஸ் தெரிஞ்சா பேட்டரிக்கும் "மேக்சிமம் பெர்ஃபார்மன்ஸ்" வைங்க. பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும், அவ்வளவுதான். அந்தப் பொண்ணு கல்லூரி விருப்பப் பட்டியலை அதே லேப்டாப்ல, அதே படியில உட்கார்ந்துதான் பதிவு பண்ணுச்சு.

23/
நிஜமாவே ஹார்ட்வேர் கெட்டுப் போற கேஸ்களும் உண்டு. பெரும்பாலான லேப்டாப்புகள்ல வைஃபை ஆன்டெனா ஒயர் கீல் வழியா மேல ஏறி ஸ்கிரீன் ஓரத்துல இருக்கும். மூடியைச் சாய்க்கும்போது, அசைக்கும்போது மட்டும் சிக்னல் விழுந்தா ஒயர் அங்க நசுங்கியிருக்கலாம். ரூட்டருக்குப் பக்கத்துலயே சிக்னல் ஒரு கோடுதான் காட்டுதுன்னாலும் அதே சந்தேகம். வைஃபை கார்டே டிவைஸ் மேனேஜர்லேருந்து காணாம போய்த் திரும்பி வருதுன்னா கார்டு அல்லது அது உட்கார்ற இடம். இதுக்குக் கடைக்குப் போங்க. அப்பவும் யுஎஸ்பியில சொருகற சின்ன வைஃபை அடாப்டர்னு ஒன்னு இருக்கு, புது லேப்டாப் விலையில அது ஒரு மூலைக்கு வராது.

24/
ரெண்டு எச்சரிக்கை. ஒன்னு, ஒரு நேரத்துல ஒரே ஒரு மாற்றம். டிரைவர் அப்டேட், சேனல் மாத்தறது, ரூட்டர் ரீசெட் எல்லாத்தையும் ஒரே நாள்ல பண்ணா சரியானாலும் எதனால சரியாச்சுன்னு தெரியாது. காய்ச்சலுக்கு நாலு ஊசி ஒன்னா போட்ட மாதிரி. மறுபடி வந்தா மறுபடி நாலும் போடுவீங்க. ரெண்டு, ஃபார்மேட் என்பது ஆபரேஷன். கடைசியில வரணும், அதுக்கு முன்னாடி போட்டோ, சான்றிதழ் எல்லாம் வேற இடத்துல காப்பி எடுத்திருக்கணும். பையன் பிறந்த நாள் போட்டோ முழுக்க போனதுக்கு அப்புறம், பிரச்சினை தெருமுனை ஃபைபர்லன்னு தெரிஞ்சா எப்படி இருக்கும்?

25/
இன்னும் கண்டுபிடிக்க முடியலையா? விண்டோஸ் 10, 11ல வயர்லெஸ் ரிப்போர்ட்னு ஒன்னு உள்ளேயே இருக்கு. "விண்டோஸ் வயர்லெஸ் நெட்வொர்க் ரிப்போர்ட்"னு தேடினா அதுக்கான ஒரு வரிக் கட்டளை மைக்ரோசாஃப்ட் பக்கத்திலேயே கிடைக்கும். கடந்த மூணு நாள்ல எத்தனை மணிக்கு இணைஞ்சது, எப்போ பிரிஞ்சது, எதனால பிரிஞ்சதுன்னு வரைபடமாவே காட்டும். படபடப்பு நோயாளிக்கு 24 மணி நேரம் மாட்டிவிடற ஹோல்டர் மாதிரி. கடைக்குப் போகும்போது அதையும், உங்க நோட்டையும் கொண்டு போங்க. கையில ரிப்போர்ட்டோட வர்றவங்ககிட்ட யாரும் வாய்க்கு வந்ததைச் சொல்ல மாட்டாங்க.

26/
இப்போ என் கோரிக்கைகள். சர்வீஸ் கடைக்காரங்களுக்கு: பில்லுல "சர்வீஸ் சார்ஜ்"னு மட்டும் போடாதீங்க. என்ன பரிசோதிச்சீங்க, என்ன கோளாறு, எதை மாத்தினீங்க, மூணு வரி எழுதுங்க. ஆஸ்பத்திரியில டிஸ்சார்ஜ் சம்மரி இல்லாம நாங்க யாரையும் அனுப்பறதில்லையே. நல்ல மெக்கானிக்குகள் நிறைய பேர் இதை ஏற்கெனவே வாயால சொல்றாங்க, பேப்பர்ல வந்தா அவங்களுக்கே மரியாதை. வாடிக்கையாளர்களுக்கு: பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்க. ஏமாத்தப்பட்டதா உறுதியா தெரிஞ்சா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கு.

27/
அரசுக்கு: கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் தர்ற புது திட்டம் 2026 ஜனவரியில் தொடங்கியிருக்கு. அரசு மருத்துவரா இதை மனசார வரவேற்கிறேன். இலவசம்னு கேலி பேசறவங்களுக்கு, முதல் தலைமுறை மாணவர் கையில ஒரு லேப்டாப் என்ன பண்ணும்னு தெரியாது. ஆனா மாத்திரை கொடுக்கும்போது எப்படிச் சாப்பிடணும்னு சொல்லித்தான் கொடுப்போம். பெட்டிக்குள்ள தமிழ்ல ஒரே ஒரு தாள் வைங்க. வைஃபை போனா என்ன பாக்கணும், எந்த வரிசையில பாக்கணும்னு பத்து வரி. அரசுப் பள்ளி ஹைடெக் லேப்ல ஒரு பீரியட் இதைச் சொல்லிக் கொடுங்க. செலவு மிகக் குறைவு. பாதியில பரணைக்குப் போற லேப்டாப்புகள் குறையும்.

28/
சுருக்கமா வரிசை. ரூட்டர் விளக்கு. மொபைல் டேட்டா அணைச்சு போன்ல சோதனை. ரெண்டு பிங். ஹாட்ஸ்பாட். மூணு நாள் நோட்டு. அப்புறம் ஒரு நேரத்துல ஒரு மாற்றம்: சார்ஜர் செட்டிங், ரூட்டர் இடம், சேனல், டிரைவர். எதுவும் சரிவரலைன்னா மட்டும் கடை. கடைசியில் ஃபார்மேட். இந்த வரிசையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வீட்டு வாட்ஸ்அப் குரூப்ல போட்டு வைங்க. கலந்தாய்வு நேரத்துல யாராவது ஒரு தங்கச்சிக்கோ தம்பிக்கோ உதவும். உங்க வீட்டுல இதே பிரச்சினைக்கு வேற காரணம் கண்டுபிடிச்சிருந்தா கீழே எழுதுங்க, மத்தவங்களுக்கும் பயன்படும்.